அக்கா சொல்லும் எண்

ஆறு வருடத்தில் 4,612 முறை அக்கா தங்கைக்குப் போன் செய்திருக்கிறாள். அதில் ஒன்றுகூடப் பத்து வினாடியைத் தாண்டியதில்லை.

காலை ஆறரைக்கு ஒன்று, மாலை ஆறரைக்கு ஒன்று. மழை வலுத்தால் மணிக்கு ஒன்று. ஆற்றில் நாற்பது கிலோமீட்டர் மேலே இருக்கும் ஊரிலிருந்து அக்கா பேசுவாள். "ரெண்டு புள்ளி ஒண்ணு நாலு" என்பாள். தங்கை அதையே திருப்பிச் சொல்வாள். "சரி" என்று அக்கா வைத்துவிடுவாள். ஆற்றில் தண்ணீர் எத்தனை மீட்டர் நிற்கிறது என்பதைத் தவிர, ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கும் நடுவே வேறு பேச்சு கிடையாது.

தங்கைக்கு வயது ஐம்பத்திரண்டு. பாலத்துக்கு இருநூறு அடி தள்ளி, சந்தைக்குத் திரும்பும் சாலையில் லாரிகளை எடைபோடும் மேடை ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்து எடைச்சீட்டு எழுதுவதுதான் அவளுக்கு இருபத்தாறு வருடமாக வேலை. அறை எட்டடிக்கு ஆறடி. ஒரு மேசை, சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி, கூண்டு இல்லாத ஒரு மின்விசிறி. லாரி ஓட்டுநர்கள் அவளைப் புள்ளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு டன் இருநூற்று அறுபது கிலோ என்றால் அப்படியேதான் எழுதுவாள். அறுபதை விட்டுவிடச் சொல்லி அழுதாலும் விடமாட்டாள். ஒருமுறை ஓர் ஓட்டுநர், "அந்த எண்பது கிலோ நான்தான் புள்ளியம்மா, வண்டியிலயே உக்காந்துட்டேன்" என்றார். இறங்கி நிற்கச் சொல்லி மறுபடி எடைபோட்டாள். நூறு கிலோ குறைந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டதாகக் கேள்வி.

எண்ணில் கை வைக்காதவள் என்ற இந்தப் பெயர்தான் ஆற்றின் கணக்கையும் அவள் மடியில் கொண்டுவந்து போட்டது. ஆனால் அதற்குமுன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மழை. மேல் ஊரில் ஏரி நிறைந்து கடைத்தெருவுக்குள் தண்ணீர் ஏறியது. அந்த ஊர் நகராட்சி மதகைத் திறந்துவிட்டது. கீழே இருக்கும் ஊர்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நகராட்சி சொல்லியிருக்கும் என்று பொதுப்பணிக்காரர்கள் நினைத்தார்கள். அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நகராட்சி நினைத்தது. அக்கா அப்போது அந்த ஊர்க் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுபவள். இன்றும் அதே வேலைதான். அன்று முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு மோட்டார்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

தங்கை குடும்பம் அப்போது பாலத்துக்குக் கீழே, ஊரிலேயே தாழ்வான பள்ளத்துத் தெருவில் குடியிருந்தது. அப்பா அவளோடு இருந்தார். தண்ணீர் வாசலுக்கு வந்தபோது மதியம் மூன்று மணி. அப்பாவை நாற்காலியோடு தூக்கி வெளியே கொண்டுவருவதற்குள் அவர் மார்பு வரை நனைந்துவிட்டார். சளி நுரையீரலில் இறங்கிவிட்டது. பத்தொன்பதாவது நாள் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஆற்றங்கரையில் இருக்கும் ஐந்து ஊர்களையும் கூட்டி ஒரு விசாரணைக் கூட்டம் நடந்தது. நானூறு பேர் இருப்பார்கள். மைக் கைமாறிக் கைமாறித் தங்கையிடம் வந்தது. அவள் நகராட்சியைத் திட்டப் போகிறாள் என்றுதான் கணவர்கூட நினைத்தார். "எங்கக்கா கையில போன் இருந்துச்சு. ஒரு போன் பண்ணியிருந்தா எங்கப்பா இருந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முழுக்கத் திரும்பி அக்காவைப் பார்த்தது.

அக்கா அழவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அவள் முறை வந்தது. ஒவ்வொரு ஊரும் தனக்குக் கீழே இருக்கும் ஊருக்குத் தினமும் போன் செய்து தண்ணீர் மட்டத்தைச் சொல்ல வேண்டும், அதைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். "எங்க ஊர்லேர்ந்து நான் பண்றேன்." அவ்வளவுதான். தங்கை இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அப்படித்தான் அந்தச் சங்கிலி பிறந்தது. நகராட்சி ஆட்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்த, ஆறு முழுவதற்குமான ஒரு வடிநிலக் குழு அமைந்தது. ஐந்து ஊர்ப் பாலங்களிலும் மீட்டர் கணக்கில் கோடு போட்ட கம்பங்கள் நட்டார்கள். கீழ் ஊரில் கம்பத்தைப் பார்க்க ஆள் தேடிக் குழுவின் பொறியாளர் வந்தபோது, தங்கை தானே போய்ப் பெயர் கொடுத்தாள்; எண்ணில் கை வைக்காதவள் என்று அவரும் உடனே எழுதிக்கொண்டார். பாலத்துக்குப் பக்கத்தில் வேலை செய்வதால் வசதி என்று கணவரிடம் காரணம் சொன்னாள். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் நம்புவார். "பாலத்துக்குப் பக்கத்துல பஞ்சர் கடைகூடத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

முதல் வருடம் சங்கிலியில் ஒரு குளறுபடி நடந்தது. கீழ் ஊருக்கு இரண்டு இடங்களிலிருந்து போன் வந்துகொண்டிருந்தது. ஒன்றின் எண்ணை இன்னொன்றின் எண் என்று குறித்துக்கொண்டு, பள்ளத்துத் தெருவில் அறுபது குடும்பங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டார்கள். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கூடவில்லை. அடுத்த முறை நிஜமாகவே எச்சரித்தபோது ஒருவரும் நகரவில்லை. அதிலிருந்து குழு கறாராக ஒரு விதி போட்டது. ஓர் ஊருக்கு ஓர் ஊர்தான் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நலமா, சாப்பிட்டாயா எதுவும் கூடாது.

மற்ற மூன்று ஊர்க்காரர்களும் ஆறே மாதத்தில் விதியை மறந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள். அக்காவும் தங்கையும் மட்டும் ஓர் எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தார்கள். பொறியாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த இருவரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்.

ஆனால் பத்து வினாடியில் எவ்வளவோ கேட்கலாம். அக்காவுக்குத் தொண்டை கட்டியிருப்பது 'ரெண்டு' என்பதிலேயே தெரிந்துவிடும். பின்னால் பம்ப் ஓடும் சத்தம் மாறினால், புது மோட்டார் வந்திருக்கிறது என்று பொருள். மூன்றாவது வருடம் ஒரு காலையில் பச்சைக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அக்கா மகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள் என்பதைத் தங்கை அப்படித்தான் தெரிந்துகொண்டாள். ஆணா பெண்ணா என்று கேட்க வாய் வந்தது. "ஒண்ணு புள்ளி ஒம்போது ரெண்டு" என்று திருப்பிச் சொன்னாள். பெண் என்பது வேறு யாரோ சொல்லி எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது. ஒரு சின்னக் கவுன் வாங்கினாள். பிறகு அந்த அளவு சரியாக இருக்காது என்று இன்னொன்று. இரண்டும் அலமாரியில்தான் இருக்கின்றன.

நான்காவது வருடம் பதினோரு நாள் வேறு ஒரு குரல் பேசியது. குடிநீர் நிலையத்து உதவியாள். முதல் நாள் தங்கை பொறுத்துக்கொண்டாள். நான்காம் நாள் முடியவில்லை. விதியை மீறி, "அங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். "ஒண்ணும் பயமில்லீங்க, தண்ணி இறங்கிட்டுத்தான் இருக்கு" என்றார் அவர். பன்னிரண்டாம் நாள் காலை அக்காவின் குரல் வந்தது, பாதியாக இளைத்து. அன்று சந்தை வண்டிகள் எல்லாவற்றுக்கும் புள்ளியம்மா சிரித்துக்கொண்டே சீட்டு எழுதினாள். உடம்புக்கு ஏதோ என்று ஓட்டுநர்கள் பயந்தார்கள்.

சிக்கல் ஆரம்பித்தது போன வருட மழையில். அக்கா சொல்லும் எண் ஏறினால், ஐந்து மணி நேரம் கழித்து இங்கே கம்பத்தில் தண்ணீர் ஏறும். ஐந்து வருடமாக அதுதான் கணக்கு. பள்ளத்துத் தெரு முனையில் நகராட்சி வைத்த பலகையில், 'எச்சரிக்கை வந்தபின் உங்களுக்கு ஐந்து மணி நேரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த மழையில் அக்கா "ரெண்டு புள்ளி ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்; இங்கே தண்ணீர் ஒன்றரை மீட்டர் ஏறிவிட்டது. இந்த வருடமும் அதே கதை. நான்கரையில் அபாயக் கோடு. தண்ணீர் நான்கு புள்ளி ஒன்று வரை வந்து, அவள் கண் எதிரே நின்று, மெல்ல இறங்கியது.

அவளுக்குக் காரணம் புரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே, இங்கிருந்து பதினோரு கிலோமீட்டரில், ஒரு கிளையாறு வந்து சேர்கிறது. அது பிறக்கும் மலையில் கல்குவாரிக்காக மரங்களை வழித்து எடுத்துவிட்டார்கள். முன்பு இரண்டு நாள் ஊறி வந்த மழை இப்போது மூன்று மணி நேரத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறது. அக்காவின் கம்பம் அதற்கு மேலே இருக்கிறது. அதற்கு இந்தத் தண்ணீர் தெரியவே தெரியாது.

வைத்தியமும் அவளுக்குத் தெரியும். இதுவரை சங்கிலியில் இல்லாத, ஆறுகள் சேரும் ஊரில் ஓர் ஆளைப் போட வேண்டும். அக்கா அவரிடம் சொல்வாள். அவர் கிளையாற்றையும் பார்த்து இங்கே சொல்வார். ஓர் ஊருக்கு ஓர் ஊர்தான் என்பது விதி. ஆக, அக்காவின் போன் இங்கே வராது.

அவள் பொருந்தாத அந்த எண்களைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தாள். எண்ணை மறைக்கவில்லை, எழுதித்தானே வைத்திருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழுவிடம் சொல்லவில்லை. ஒரு வருடம்.

குழுவின் ஆண்டுக் கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பள்ளத்துத் தெருவில் ஒத்திகை நடந்தது. அவளும் போயிருந்தாள். அவர்கள் முன்பிருந்த வீட்டில் இப்போது ஒரு தையல்காரர் இருக்கிறார். வாயாடி. ஒரு நிமிடமும் வீணாகாமல் கிளம்பிப் பார்த்ததாகப் பெருமையாகச் சொன்னார். நான்கு தையல் மெஷின், துணி மூட்டைகள், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியார் எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் பத்து நிமிடம். "மாமியார் மட்டும் ஒரு மணி நேரம். மெஷினாவது தூக்குனா பேசாம வரும்" என்றார். தெருவே சிரித்தது. பிறகு பலகையைக் காட்டி, "அஞ்சு மணி நேரம் இருக்கே புள்ளியம்மா, அம்பது நிமிஷம் மிச்சம். ஒரு டீ குடிச்சுட்டே கிளம்பலாம்" என்றார்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்பாவின் நாற்காலி இருந்த மூலையில்தான் அந்தக் கிழவியின் கட்டில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், பென்சில் எண்கள் உட்பட. அவர் நீண்ட நேரம் கையில் படிந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லிடு" என்றார். பிறகு, "அக்காவுக்கு நீயே ஒரு போன் போட்டா என்ன, அதுக்கு எந்த விதியும் இல்லையே" என்றார். அவளுக்கும் அது தெரியும். ஏழு வருடமாகத் தெரியும். எண் இல்லாமல் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்பதுதான் தெரியவில்லை.

கூட்டம் இந்த முறை மேல் ஊரில். நகராட்சிக் கட்டடத்து மாடியில் நீளமான அறை, முப்பது நாற்காலி, காற்று வராத ஜன்னல்கள். அக்கா மூன்றாவது வரிசையில் இருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. குரலில் நரை கேட்காது அல்லவா, தங்கைக்கு அதைக் கிட்டத்தில் பார்க்கத் திடுக்கென்றது. கூட்டங்களில் எப்போதும் ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள். இந்த முறை தங்கைக்கு அக்காவின் நேர் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது.

நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருள், 'சங்கிலியில் மாற்றம் ஏதும் உண்டா' என்பது. வருடா வருடம் குழுத் தலைவர் படித்துவிட்டு மூச்சு விடாமல் எட்டாவதற்குப் போய்விடுவார். தங்கை கையைத் தூக்கியதை அவர் முதலில் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்.

அவள் பதிவேட்டைத் திறந்து படித்தாள். தேதி, நேரம், மேல் ஊர் எண், கீழ் ஊர் எண். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. முடித்தபோது அது கிளையாற்றுத் தண்ணீர் என்பது அறையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. குவாரிக்கு உத்தரவு கொடுத்தது யார் என்று ஒருவர் கேட்டார். மலையைப் பற்றி இங்கே பேச வேண்டாம் என்றார் தலைவர். மலையைப் பற்றிப் பேசாமல் தண்ணீரைப் பற்றி எப்படிப் பேசுவது என்று இன்னொருவர். அது கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் குவாரியை நேரில் பார்க்க ஐந்து ஊர் நகராட்சிகளும் ஆள் அனுப்புவது என்று முடிவாயிற்று. பொறியாளர் அக்காவிடம் திரும்பினார். அந்த இரண்டு மழையிலும் உங்கள் கம்பத்தில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

அக்கா எழுந்தாள். "ஒண்ணும் தெரியல. தண்ணி அசையவே இல்ல. என் நம்பரை வெச்சுக்கிட்டு அவ யாரையும் காப்பாத்த முடியாது. நடுவுல ஆளைப் போடுங்க."

அவ. ஏழு வருடத்தில் முதல்முறையாக அக்கா வாயில் அவளைக் குறித்து ஒரு சொல் வந்திருக்கிறது. அதுவும் அவளை விலக்கிவைக்கச் சொல்லும் வாக்கியத்தில். தங்கை பதிவேட்டை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

ஓட்டெடுப்பில் எதிர்த்து யாரும் இல்லை. சேரும் ஊரின் தபால்காரர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். எப்படியும் தினமும் கிளையாற்று ஓரமாகத்தான் தபால் கொண்டுபோகிறேன் என்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் தாழ்வாரத்துக் குழாயில் அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். தங்கை பக்கத்துக் குழாயைத் திறந்தாள். அதில் தண்ணீர் வரவில்லை. அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உனக்கு எவ்ளோ நாளாத் தெரியும்?" அக்கா சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ரெண்டு மழையா."

அக்கா குழாயை இறுக்கி மூடினாள். "எனக்கு நாலு மழையா."

தங்கைக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வடிநில அலுவலகம் மாதக் கடைசியில் ஐந்து ஊர் எண்களையும் ஒரே தாளில் அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்பும். யாரும் படிப்பதில்லை, தங்கையே பரணில்தான் போடுவாள். அக்கா படித்திருக்கிறாள். மாதா மாதம், தன் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கை ஊர் எண்ணை. சின்ன மழைகளிலேயே கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்க வேண்டிய அவசியம் தங்கைக்கு இருக்கவில்லை.

ஒரே தப்பை இருவரும் தனித்தனியே செய்திருக்கிறார்கள். பள்ளத்துத் தெருவில் இருநூற்று நாற்பது பேர் அந்தத் தப்புக்குக் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். அந்த இருநூற்று நாற்பதை அவளால் எந்தக் கணக்கிலும் கழிக்க முடியவில்லை. அதோடு கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும், நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது.

"அந்தப் பதினோரு நாள்... உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

"பித்தப்பையில கல்லு. எடுத்துட்டாங்க."

"பெரிசா?"

"ஒண்ணு புள்ளி எட்டு சென்டிமீட்டர்" என்றாள் அக்கா. "உனக்குப் புள்ளியோட சொல்லணுமே."

தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறப் பார்த்தது, முகத்தைக் கழுவிக்கொண்டாள். அன்று மைக்கில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தாள். அக்கா போகாமல்தான் நின்றாள். அதற்குள் கையெழுத்துப் போட வரச்சொல்லித் தலைவர் உள்ளிருந்து கூப்பிட்டார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

தங்கை பேருந்தில் ஊர் திரும்பி, கண்ணாடி அறையைத் திறந்து உட்கார்ந்தபோது மாலை ஆறேகால். ஆறரைக்கு மணி அடித்தது.

"ஒண்ணு புள்ளி ஏழு ஆறு."

"ஒண்ணு புள்ளி ஏழு ஆறு."

அக்கா பக்கத்துப் பம்ப் சத்தம் மட்டும் ஒரு கணம் கேட்டது. "சரி" என்று அக்கா வைத்துவிட்டாள். தங்கை போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒரு லாரி மேடையில் ஏறி ஹாரன் அடித்தது.

பள்ளத்துத் தெருப் பலகையில் ஐந்தை அழித்து மூன்று என்று மறுநாளே எழுதிவிட்டார்கள். தையல்காரர் இரண்டு மெஷின்களை மாடி வீட்டுக்காரரிடம் கொண்டுபோய் வைத்தார். அவர் மாமியாரின் கட்டிலுக்கு நகராட்சி நான்கு சக்கரம் மாட்டிக் கொடுத்தது.

ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஆறரைக்கு எடைமேடைக்குப் போன் செய்யப் போவது தபால்காரர். அதற்குமுன் கிளையாற்றில் கம்பம் நட இடம் பார்க்க வேண்டும். மேல் ஊர், கீழ் ஊர் அளவு பார்ப்பவர்கள் இருவரும் பொறியாளரோடு போய் இடத்தைக் குறிக்க வேண்டும் என்று குழு எழுதியிருந்தது. தனக்கு அன்று வேறு கூட்டம் இருப்பதால், அவர்கள் இருவரும் பார்த்துக் குறித்துவிட்டு வந்தால் போதும் என்று பொறியாளர் பதில் அனுப்பியிருக்கிறார். வரும் வியாழக்கிழமை, காலை எட்டு மணி. சேரும் ஊர்ப் பாலம் வரைதான் பேருந்து. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் நடை.